கையடக்க ரிவால்வரும் கைக்கு அடங்காத குறியும்

போன மார்கழியில் திருப்பாலைவனத்திலிருந்து அண்ணா டெலிபோனில் கூப்பிட்டார். "உன் மருமகளுக்கு ஒரு ரிவால்வர் வாங்கலாம் என்று இருக்கிறேன். உனக்குத்தான் அந்த விஷயமெல்லாம் தெரியுமே, வந்து ஒரு யோசனை சொல்லு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகளுக்கு வளையல் வாங்க வேண்டும், புடவை எடுக்க வேண்டும் என்று அத்தையைக் கூப்பிடுவது உலக வழக்கம். ரிவால்வர் வாங்க அத்தையைக் கூப்பிட்டவர் எங்கள் அண்ணா ஒருவராகத்தான் இருப்பார்!

நேயர்கள் பயப்பட வேண்டாம். நான் வீராங்கனை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்த வரையில் சென்னையில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்தில் அங்கத்தினர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடு போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, நானும் காகிதத்தில் துளை போடக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் பராக்கிரமம்.

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பழவேற்காடு போகும் பஸ்ஸில் ஏறினேன். பாலை மரத்தால் பேர் பெற்ற ஊர் திருப்பாலைவனம். அதைத் தாண்டிப் போனால் ஏரி. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் இடம். இந்த ஏரிக்கரைக்கும் வெடிமருந்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். இன்று கோட்டை இடிந்து கிடக்கிறது. பறவைகளின் சரணாலயமான ஏரியில் இப்போது வெடிச் சத்தம் கூடாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணா பழைய பத்திரிகை நறுக்குகளை என் கையில் திணித்தார். 2014 ஜனவரியில் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. .32 அளவு, சுமார் அரைக் கிலோ எடை. 2012 டிசம்பரில் டில்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடே மறக்காத சமயம் அது. பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று அதை விளம்பரம் செய்தார்கள். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறகு வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இன்னும் சிறியதாக 'நிடர்' என்று ஒன்றைச் செய்தது. அது .22 அளவு, எடை கால் கிலோதான். இரண்டு பெயருக்கும் ஹிந்தியில் ஒரே அர்த்தம்: பயமற்றது.

"கால் கிலோதான்! கத்தரிக்காய் எடை! பையில் போட்டுக்கொண்டால் தெரியவே தெரியாது" என்றார் அண்ணா.

மருமகள் ஒன்றும் பேசாமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டிருந்தாள். வயது 24. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்போது இரவு பத்து மணி ஆகிவிடும். கார்த்திகையில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். பேசவில்லை, தொடவில்லை. இவள் நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான். அன்று முதல் அண்ணாவுக்குத் தூக்கம் இல்லை.

இதைக் கேட்ட பிறகு சிரித்து மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: "அண்ணா, 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. உரிமத்துக்கு எழுதிப் போடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைப்போம். கழகத்தில் ஒரு சின்ன .22 ரிவால்வர் இருக்கிறது. ஆறு ஞாயிற்றுக்கிழமை இவளை என்னோடு அனுப்பு. எட்டுத் தோட்டாவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போட்டுவிட்டாளானால் மேலே யோசிக்கலாம்."

"பத்து மீட்டர் தூரத்தில் ஒரு தட்டா? கல்லை விட்டே அடிப்பாளே!" என்றார் அண்ணா.

முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி எல்லாம் போட்டுக்கொண்டு நின்றாள். பத்து மீட்டரில் எட்டுத் தோட்டா சுட்டாள். காகிதத்தில் விழுந்தவை இரண்டு. மற்ற ஆறும் பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போயின. "எனக்குக் கை நடுங்குகிறது, அத்தை" என்றாள்.

கழகத்தில் வெகு நாளாகக் கற்றுக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர், "நடுக்கம் யாருக்குத்தான் இல்லை, அம்மா? தப்பு உங்கள் கையில் பாதி, இந்தச் சாமானில் பாதி" என்றார். அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

.22 தோட்டாவில் நெருப்புப் பற்ற வைக்கும் மருந்து பித்தளைக் குப்பியின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. சுத்தியல் அந்த விளிம்பை ஓங்கி அடித்து நசுக்கினால்தான் வெடிக்கும். அதற்குப் பலமான வில் வேண்டும். பலமான வில்லை விரலாலேயே இழுத்துச் சுட்டால், விசையின் கனம் ஐந்து, ஆறு கிலோ வரை போகும். துப்பாக்கியோ கால் கிலோ, அரைக் கிலோ. காலி டம்ளரை மேஜைமேல் வைத்து, அதில் கட்டிய நூலை ஐந்து கிலோ பலத்தோடு இழுத்தால் டம்ளர் நிற்குமா? அந்தக் கதைதான்.

பந்தயத் துப்பாக்கி இதற்கு நேர் எதிர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி 1984 முதல் நடக்கிறது. அதிலும் இதே .22 தோட்டாதான். ஆனால் அந்தப் பிஸ்டல் 1,400 கிராம் வரை இருக்கலாம். விசையின் கனம் 1,000 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். எடை அதிகம், இழுப்பு குறைவு. 2018 ஆசிய விளையாட்டில் அந்தப் போட்டியில் தங்கம் வாங்கிய கோலாப்பூர்ப் பெண் ராஹி சர்னோபத்தின் கையில் இருந்தது அந்த மாதிரிதான். கனமான சாமான் பெண்ணுக்கு ஆகாது என்பது கடைக்காரர் பேச்சு. குறிக்குக் கனமே துணை.

இரண்டாவது குறை, குட்டைக் குழல். குழல் நுனியில் ஒரு சின்ன முள்; பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் முள் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தூரத்தில் தோட்டா 10 சென்டிமீட்டர் விலகிவிடும். பந்தயப் பிஸ்டலில் அந்த இடைவெளி 22 சென்டிமீட்டர் வரை உண்டு. அதே பிழைக்கு அங்கே விலகல் நாலரை சென்டிமீட்டர்தான்.

சரி, பரிகாரம்?

முதலாவது, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொண்டு சுடுவது. அப்போது விசை ஒன்றிரண்டு கிலோவில் விழுந்துவிடும். விரலின் முதல் கணுவிலுள்ள சதையால், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மெதுவாக அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக்கூடாது.

இரண்டாவது, பிடி. ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில், ஒரே இறுக்கத்தில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். சின்ன ரிவால்வரில் சுண்டுவிரலுக்கு இடம் இராது. கொஞ்சம் பெரிய கைப்பிடி மாட்டினாலே பாதிக் குறை தீரும். ஒரு எச்சரிக்கை: தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள சந்தில் சூடான வாயு பீறிடும். இடது கை விரல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

மூன்றாவது, கண். எல்லோரும் குறியைத்தான் பார்க்கிறார்கள். முள்ளைப் பார்க்க வேண்டும். முள் கூர்மையாகத் தெரிந்தால் குறி மங்கலாகத் தெரியும், தெரியட்டும்.

நான்காவது, பயம். வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை தானாகக் கீழே அமுங்குகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரியவர் ஒரு தந்திரம் செய்தார். அவளுக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடித்து முடிந்த வெற்றுக் குப்பிகளையும் போட்டுக் கொடுத்தார். வெற்றுக் குப்பியில் 'டக்' என்று சத்தம் வந்தபோது வெடியே இல்லை. ஆனாலும் குழல் ஒரு சாண் கீழே இறங்கியது. அவளே பார்த்துவிட்டாள். "ஐயோ, நானா இப்படி அமுக்குகிறேன்?" என்று சிரித்தாள். பயம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதி போன மாதிரிதான்.

பிறகு வெடிக்காத பயிற்சி. குழல்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகுவது. விளிம்புத் தோட்டாத் துப்பாக்கியில் வெறும் அறையோடு இதைச் செய்யக்கூடாது. சுத்தியலின் முள் அறையின் ஓரத்தையே குத்திப் பழுதாக்கிவிடும். பயிற்சிக்கென்று உள்ள போலித் தோட்டாவைப் போட வேண்டும். வீட்டில் துப்பாக்கி கிடையாதே! தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டிலை ஏந்தி, தினமும் ஐந்து நிமிஷம் கையை நீட்டி நின்றாள். அண்ணி அதைப் பார்த்து, "இந்த வீட்டில் யாருக்குமே சித்தம் சரியில்லை" என்றாளாம்.

சாமானின் குறையையும் பார்த்தோம். ரிவால்வரில் எட்டு அறை என்றால், எட்டும் குழலுக்கு நேராக நிற்கும் என்பது நிச்சயமில்லை. அறைகளுக்கு மையால் எண் போட்டு, மணல் மூட்டைமேல் கையை ஊன்றி, ஒவ்வொரு அறையிலிருந்தும் தனித்தனிக் காகிதத்தில் ஐந்தைந்து சுட்டோம். ஐந்தாம் எண் அறை மட்டும் எப்போதும் இடது பக்கம் போயிற்று. அவ்வளவு நாளும் 'கை தப்பு' என்று அவள் நொந்துகொண்டதில் எட்டில் ஒரு பங்கு கை தப்பே இல்லை! தோட்டாவும் அப்படித்தான். ஒரு தினுசு ஒரு துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வேகம் குறைந்த தினுசுதான் எங்களுக்கு நெருங்கி விழுந்தது.

ஈயமும் கரியும் அறையில் படிந்தால் தோட்டா முழுதும் உள்ளே உட்காராது. சுத்தியலின் அடி அதைத் தள்ளுவதிலேயே வீணாகும். துலக்கும்போது கம்பி குழல் வாயின் விளிம்பில் உராயக்கூடாது. ஏரிக்கரை உப்புக் காற்றுக்கு இரும்பு இரண்டு நாளில் துருப்பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது, பிசினாக இறுகிவிடும். மெல்லிய இயந்திர எண்ணெய்தான் சரி. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காபி டம்ளரைத் தொடக்கூடாது. இதை நர்ஸம்மாவே எனக்குச் சொன்னாள்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணாவும் வந்தார். மருமகள் சுத்தியலை நிறுத்தி நிறுத்தி, மூச்சை அடக்கி, எட்டும் சுட்டாள். ஆறு நிமிஷம் ஆயிற்று. எட்டும் தட்டுக்குள், அதில் ஆறு காபி சாஸருக்குள். அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இப்போது சுத்தியலை நிறுத்தாமல், சீக்கிரம் சீக்கிரமாகச் சுடு" என்றேன்.

எட்டில் மூன்று தட்டுக்குள் விழுந்தது.

அண்ணா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் பேசினாள்: "அப்பா, இங்கே வெளிச்சம் இருக்கிறது. காகிதம் ஓடவில்லை. அத்தை பக்கத்தில் இருக்கிறார்கள். அப்படியும் மூன்றுதான். அன்றைக்கு ராத்திரி அவன் எனக்குப் பின்னால் இருந்தான். துப்பாக்கி பைக்குள் இருந்திருக்கும். தப்பிப் போகிற ஐந்து தோட்டாவும் எந்த வீட்டு ஜன்னலுக்குப் போகும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ரயிலில் அண்ணா மெதுவாகக் கேட்டார்: "பின்னே என்னம்மா செய்யட்டும்?"

"பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள். நீங்கள் வர முடியாத அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிக்கொள்கிறேன். அவன் மறுபடி வந்தால் 112-க்கு டெலிபோன் செய்வோம். போலீஸில் எழுதிக் கொடுப்போம். கார்த்திகையிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்" என்றாள்.

அந்தப் புகாரை மறுநாளே இருவரும் போய் எழுதிக் கொடுத்தார்கள். உரிமத்துக்கு மனு எழுதவில்லை. அண்ணா இப்போது தினமும் டார்ச்சோடு நிற்கிறார். அண்டை வீட்டு இறால் வியாபாரியின் பெண்ணும் அதே பஸ்ஸில் வருவதால், அவளுடைய அப்பாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் பேசுகிற பேச்சில், பஸ் வந்ததே தெரியாமல் நிற்கிறார்களாம்!

மருமகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. ரிவால்வரை வைத்துவிட்டுக் கழகத்தின் பந்தயப் பிஸ்டலை எடுத்திருக்கிறாள். "கனமாக இருக்கிறது, அத்தை. ஆனால் சொன்னபடி கேட்கிறது" என்கிறாள். போன வாரத்துக் காகிதத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். பத்துத் துளைகள், ஒரு ரூபாய் நாணயத்தால் நாலைந்தை ஒருசேர மூடிவிடலாம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'கை நடுங்கத்தான் செய்கிறது.'