விரலுக்குத் தகுந்த விசைப்பலகை

கணினி விளையாட்டுக்கு விசைப்பலகை வாங்குவது மருத்துவமனை இதழில் எழுதத்தக்க பொருளா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். எழுதத்தக்கதே என்பது என் கருத்து. செருப்பின் அளவு காலின் நலத்தையும், தலையணையின் உயரம் கழுத்தின் நலத்தையும் தொடுவது போல, நாள்தோறும் மணிக்கணக்கில் விரல்கள் தங்கியிருக்கும் பலகை கையின் நலத்தைத் தொடாமல் விடாது.

புதுக்கடை, கருங்கல், முன்சிறை, தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் கணினி இருப்பது இன்று அரிதன்று. விடுமுறை நெருங்கியதும் 'கேமிங் கீபோர்டு வேண்டும்' என்ற கோரிக்கை எழுகிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை பணம் அனுப்புகிறார். வீட்டிலிருக்கும் தாய்க்கு அப்பொருள் புதிது. பிள்ளையோ பலகைக்கு அடியில் மின்னும் வண்ண விளக்குகளைக் கண்டு தேர்ந்தெடுத்துவிடுகிறது. இம்மூவரும் கலந்து பேசி, விளக்கைவிட விரலை அளவுகோலாகக் கொண்டு வாங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதுமா?

'விளையாட்டையே நிறுத்த வேண்டிய நேரத்தில் நல்ல விசைப்பலகை வாங்கிக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகாதா?' என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைநிலையும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகள் அனைத்தையும்விட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாக ஓராண்டு காலமேனும் நீடித்தால் அது நோய் எனக் கருதப்படும்.

ஆயினும் விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற மின்விளையாட்டு, 2023-இல் ஹாங்சோவில் நடந்த போட்டிகளில் பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் அதற்கு அரசின் ஏற்பு கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டை ஊக்குவிக்க வழிசெய்தது. பணத்தை இழக்கச் செய்யும் ஆட்டத்தையும், திறனை வளர்க்கும் ஆட்டத்தையும் சட்டமே பிரித்துக் காணும்போது, வீட்டிலும் அப்பிரிவினையைக் காண்பது தக்கது. விளையாடத்தான் போகிறார்கள் எனில், கை கெடாமல் விளையாடட்டும்.

கை எவ்வாறு உழைக்கிறது?

கட்டுரை தட்டச்சு செய்பவரின் கைகள் பலகை முழுவதும் நகரும். விளையாடுபவரின் இடக்கை அவ்வாறு நகர்வதில்லை. முன்செல்ல, பின்செல்ல, இருபுறமும் திரும்ப உதவும் நான்கு எழுத்து விசைகளின் மீதே நடுவிரல், மோதிர விரல், ஆள்காட்டி விரல் ஆகிய மூன்றும் நிற்கும். சுண்டுவிரல் ஓரத்திலுள்ள ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருக்கும். கட்டைவிரல் நீண்ட இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். வலக்கை மவுஸைப் பற்றியிருக்கும். இந்நிலையிலேயே இரண்டு மணி நேரம் கடந்துவிடும்.

ஒரே நிலையில் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தசைநாண்களும் அவற்றைச் சூழ்ந்த உறைகளும் உறுத்தலுக்கு உள்ளாகலாம். கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி, மணிக்கட்டின் மேற்புறத்தில் இழுப்பு, முன்கையில் சோர்வு ஆகியன அதன் அறிகுறிகள். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று உண்டு. அதனூடே செல்லும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியன மரத்துப்போகும். இரவில் அது மிகும். விசைப்பலகை மட்டுமே இந்நிலையைத் தோற்றுவிக்கிறது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து வைத்திருந்தால் அவ்வழியில் அழுத்தம் உயரும் என்பது அளந்து அறியப்பட்ட உண்மை. ஆகவே மணிக்கட்டை நேராக வைக்க உதவும் பலகையே நல்ல பலகை.

அளவும் உயரமும்

எனவே முதலில் நோக்க வேண்டியது பலகையின் அகலம். எண் விசைகளும் சேர்ந்த முழுப் பலகையில் 104 விசைகள் இருக்கும். அதன் அகலம் ஏறத்தாழ 44 செ.மீ. எண் பகுதி நீக்கிய பலகையில் 87 விசைகள். அகலம் ஏறத்தாழ 36 செ.மீ. வலப்புறம் குறையும் இந்த எட்டு செ.மீ. அற்பமானதன்று. அந்த அளவுக்கு மவுஸ் உடலுக்கு அருகில் வரும்; வலத்தோள் வெளியே விரிந்து நிற்க வேண்டியதில்லை. கணக்கு வேலைக்காக எண் விசைகள் தேவைப்படாத வீட்டில் 87 விசைப் பலகையையே நான் பரிந்துரைப்பேன். இன்னும் சிறிய 61 விசைப் பலகையில் அம்புக்குறி விசைகள்கூடத் தனியாக இரா; பள்ளி வேலைக்கும் பயன்பட வேண்டுமெனில் அது இடர் தரும்.

அடுத்தது உயரம். பலகையின் பின்புறத்தில் மடக்கி நீட்டத்தக்க இரு கால்கள் உண்டு. பலர் அவற்றை நீட்டிவைப்பதே முறை என எண்ணுகின்றனர். நீட்டினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்; ஆகையால் மடக்கியே வையுங்கள். உணவு மேசையில் அமர்ந்து விளையாடும் சிறுவர்க்கு அம்மேசை பெரும்பாலும் உயரமானது. முழங்கை செங்கோணத்தில் மடங்கி, முன்கை மேசைக்கு இணையாக அமையும்வரை இருக்கையை உயர்த்தி, தொங்கும் கால்களுக்கு அடியில் ஒரு பலகையோ சிறு முக்காலியோ இடுங்கள்.

மடிக்கணினியில் விளையாடுவோர்க்கு ஒரு சொல். அதில் திரையும் விசைகளும் இணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். தனி விசைப்பலகை ஒன்றை இணைத்து, மடிக்கணினியைப் பழைய புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்தால் இரண்டும் தீரும். சில நூறு ரூபாய் செலவில் கிடைக்கும் இந்நன்மை, பல்லாயிரம் ரூபாய்ப் பலகை தரும் பெருமையினும் மேலானது.

விசையின் இயல்பு

விலை குறைந்த பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் படலம் இருக்கும். மெக்கானிக்கல் எனப்படும் பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுருள்வில்லும் பொறியும் இருக்கும். படல வகையில் விசையை அடிவரை அழுத்தினாலன்றிப் பெரும்பாலும் எழுத்துப் பதியாது. மெக்கானிக்கல் வகையில் பாதி வழியிலேயே பதிந்துவிடும். மென்மையாகத் தொடப் பழகியவர்க்கு இது விரலின் உழைப்பைக் குறைக்கும். பழகாமல் ஓங்கி அடிப்பவர்க்கு எந்தப் பலகையாலும் பயனில்லை.

மெக்கானிக்கல் வகையில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ரி நிறுவனம் வழங்கிய நிறப்பெயர்களே இன்று பெரும்பாலும் வழங்குகின்றன. சிவப்பு வகை ஏறத்தாழ 45 கிராம் எடையளவு அழுத்தத்தில், தடையின்றி, ஓசை குறைவாக இறங்கும். பழுப்பு வகையில் நடுவே ஒரு சிறு தட்டுப்பாடு விரலுக்குத் தெரியும். நீல வகைக்கு ஏறத்தாழ 60 கிராம் அளவு அழுத்தம் வேண்டும்; ஒவ்வொரு தட்டலுக்கும் 'டிக்' என்னும் ஓசை எழும். விளையாடுவோர் சிலர் அவ்வோசையை விரும்புவர். ஆனால் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றில், அடுத்த அறையில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவரோ, உறக்கம் குறைந்த முதியவரோ படுத்திருப்பார். அத்தகைய வீட்டுக்கு நீல வகை வேண்டவே வேண்டாம். விரலுக்கும் வீட்டுக்கும் ஒருசேரப் பொருந்துவது சிவப்பு வகையே என்பது என் துணிபு.

எண்களின் மயக்கம்

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். சாதாரணப் பலகை நொடிக்கு 125 முறை கணினிக்குச் செய்தி அனுப்பும். விளையாட்டுப் பலகை 1000 முறை அனுப்பும். முன்னதில் இடைவெளி எட்டு மில்லி நொடி. பின்னதில் ஒரு மில்லி நொடி. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி நொடி ஆகிறது. ஆகவே 1000 போதுமானது. 8000 என்று கூறி விலையை உயர்த்தும் பலகையால் வீட்டில் விளையாடும் பிள்ளைக்கு உணரத்தக்க பயன் எதுவும் இராது.

பொருட்படுத்த வேண்டிய திறன் வேறொன்று உண்டு. மலிவான பலகைகளில் மூன்று நான்கு விசைகளை ஒருங்கே அழுத்தினால் ஒன்று பதியாமல் போகலாம். பதியாத விசையைப் பிள்ளை மேலும் ஓங்கி அழுத்தும், விரல் வலிக்கும். கடையிலேயே கணினியில் இணைத்து, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிள்ளை விளையாட்டில் பயன்படுத்தும் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா எழுத்துகளும் தோன்றினால் போதும்.

வளைகுடாவிலிருந்து வாங்கி வருவோர், விசைகளில் அரபு எழுத்துகளும் சேர்ந்து அச்சிடப்பட்டிருக்கலாம் என்பதையும், அங்குள்ள உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டறிவது நன்று. இருபருவ மழையும் கடற்காற்றும் உள்ள நம் பகுதியில் ஈரமும் உப்பும் உலோகத்தை அரிக்கும். பயன்படுத்தாதபோது துணியால் மூடிவையுங்கள். நேந்திரங்காய் வறுவலைத் தின்றுகொண்டே விளையாடினால் எண்ணெயும் துகளும் விசைகளுக்கு அடியில் சேரும், எறும்பும் வரும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் வாழும் வீட்டில், பலகையின் இணைப்பை நீக்கிவிட்டு, ஆல்கஹால் சிறிது நனைத்த துணியால் அடிக்கடி துடைப்பது நலம்.

நோயுற்ற கைகளுக்கும் இடம் உண்டு

விபத்தில் ஒரு கை கட்டுண்டு கிடக்கும் இளைஞரும், பக்கவாதத்துக்குப் பின் விரல்களை மீட்க முயல்பவரும் விசைப்பலகையைத் தொடலாம். விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் வசதி கிடைக்கும். நடுங்கும் விரல் தவறுதலாகத் தட்டுவதைப் புறக்கணிக்கும் வசதியும் அதில் உண்டு. இவற்றுக்குத் தனிச் செலவு இல்லை. நீண்ட நாள் படுக்கையில் இருப்போர்க்கு நண்பரோடு இணைந்து ஆடும் அரை மணி நேரம் தனிமைக்கு மருந்தாகும். எந்த விரலை எவ்வளவு அசைக்கலாம் என்பதை மட்டும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகைக்கு மேலான மருந்து

எவ்வளவு நல்ல பலகையும் ஓய்வுக்கு ஈடாகாது. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் கையைப் பலகையிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து மடக்கி, எழுந்து நீர் அருந்தும் பழக்கம் வேண்டும். வலி ஓரிரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, பிடித்த பொருள் கைநழுவினாலோ தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரைக் காணுங்கள். விளையாட்டை நிறுத்த இயலாமல் பிள்ளை தவிப்பதாகத் தோன்றினால், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

பலகை வாங்கும் நாள், வீட்டில் விதி வகுக்கவும் ஏற்ற நாள். எத்தனை மணிவரை, எந்த அறையில், தேர்வுக் காலத்தில் எவ்வாறு என்பனவற்றைப் பணம் கொடுக்கும் முன்னரே பேசி முடியுங்கள். நாளை நோயாளிக்கு ஊசி போடவும், வண்டி ஓட்டவும், ரப்பர் மரத்தில் பால் வெட்டவும், அலுவலகத்தில் தட்டச்சு செய்யவும் போகும் கைகள் அவை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் வரவுக்கேற்ற செலவைக் குறித்தனர். விரலுக்குத் தகுந்த விசைப்பலகை என்பதில் செலவோடு உடல்நலமும் அடங்கும்.