வீட்டை விற்கும்போது எதை மறைக்கிறோம்?

ஜேர்சி சிற்றியில் வீட்டை விற்க முற்படும் எம்மவருக்கு வீட்டு முகவர்கள் தரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சுவர்களுக்கு வெள்ளை அல்லது மெல்லிய சாம்பல் நிறம் பூசுங்கள். தளபாடங்களிற் பாதியை அகற்றுங்கள். ஆட்கள் பார்க்க வரும் நாளில் குசினியில் எதையும் தாளிக்க வேண்டாம். குடும்பப் படங்களைக் கழற்றி வையுங்கள். இறுதியாக, சற்றுத் தயங்கியபடி, சுவாமிப் படங்களையும் வாசலில் தொங்கும் மாவிலையையும் எடுத்துவிட்டால் நல்லது என்பார்கள்.

இவற்றிற் பெரும்பகுதி நியாயமானதே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நகரத்தின் வரிசை வீடுகள் ஒடுங்கியவை. வாங்க வருபவர் தமது கட்டிலையும் மேசையையும் எங்கே வைக்கலாம் என்று கற்பனை செய்து பார்க்கவே வருகிறார். எமது மூன்று சோபாக்களுக்கு நடுவே அவரால் அதைச் செய்ய இயலாது. மிளகாய்த்தூள் வறுத்த வாசம் திரைச்சீலைகளில் வாரக்கணக்கில் நிற்கும் என்பதும் உண்மையே. எமது நாசிக்கு அது பழகிப்போனதால் நாம் அதை உணர்வதில்லை. ஊரிலும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வேலிக்குப் புதுக் கிடுகு கட்டி, சுவருக்கு வெள்ளையடித்தவர்கள்தானே நாம்!

ஆனால் படங்களைக் கழற்றும் கைகளுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1983 யூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அந்நாட்களில் நெற்றிப் பொட்டை அழித்ததும், வாசற் பெயர்ப் பலகையைக் கழற்றியதும் விலைக்காக அல்ல, உயிருக்காக. அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1987 இல், இதே ஜேர்சி சிற்றியில் பொட்டின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்ட ஒரு கும்பல் இந்தியர்களை நகரத்தைவிட்டு விரட்டப்போவதாக உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. வீடுகளைக் கண்டுபிடிக்கத் தொலைபேசிப் புத்தகத்தில் இந்தியப் பெயர்களைத் தேடுவதாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அயல் நகரான ஹொபோக்கனில் தாக்கப்பட்ட நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் சில நாட்களில் உயிரிழந்தார். அங்கே வாக்காளர் பட்டியல், இங்கே தொலைபேசிப் புத்தகம். எனவே முகவர் இயல்பாகச் சொல்லும் ஒரு வார்த்தையை எம்மவர் அச்சத்தோடு செவிமடுப்பதில் வியப்பில்லை.

விலையும் அடையாளமும் தொடர்பற்றவை என்று நாம் கூறமாட்டோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையிலுள்ள மரின் சிற்றியில் 2020 இல் போல் ஒஸ்ரின் தம்பதியர் மீள்கடன் பெறுவதற்காகத் தமது வீட்டை மதிப்பிடச் செய்தனர். அவர்கள் கறுப்பினத்தவர். மதிப்பு 9 இலட்சத்து 95 ஆயிரம் டொலர் எனக் கூறப்பட்டது. பின்னர் குடும்பப் படங்களையும் ஆபிரிக்க ஓவியங்களையும் அகற்றி, வெள்ளையினத் தோழி ஒருவரை வீட்டுக்காரியாக இருத்தி, வேறொருவரைக் கொண்டு மதிப்பிட்டபோது அதே வீடு 14 இலட்சத்து 82 ஆயிரத்து 500 டொலராகியது. அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2023 இல் அது இணக்கத்தில் முடிந்தது.

ஆகவே படங்களை எடுத்து வைப்பதால் நாலு காசு கூடுமானால் எடுத்து வையுங்கள். அதில் இழிவேதும் இல்லை. ஆனால் உங்கள் பெயரையோ நிறத்தையோ சமயத்தையோ காரணங்காட்டி எவரேனும் விலையைக் குறைத்தால், அல்லது வாங்குவோரைத் திசைதிருப்பினால், அது சட்டவிரோதம். 1968 ஆம் ஆண்டின் கூட்டாட்சி வீட்டுச் சட்டமும் 1945 முதல் நியூ ஜேர்சியில் இருந்துவரும் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமும் இதைத் தடுக்கின்றன. மாநிலக் குடியியல் உரிமைகள் பிரிவுக்கு 180 நாட்களுக்குள்ளும், கூட்டாட்சி வீடமைப்புத் திணைக்களத்துக்கு ஓராண்டுக்குள்ளும் முறையிடலாம். இச்சட்டங்கள் எம்மையும் கட்டுப்படுத்தும் என்பதை இங்கு சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘கறுப்பருக்குக் கொடுக்கமாட்டோம், எங்கட ஆக்களுக்கே கொடுப்போம்’ என்ற பேச்சு எமது வரவேற்பறைகளிலும் கேட்கிறது.

எமக்குக் கவலை தருவது இன்னொன்று. சுவாமிப் படத்தை ஒளிக்கும் அதே வாரத்தில் நிலக்கீழ் அறையின் ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடித்து மறைப்பவர்களும் எம்மிடையே உண்டு. 2012 ஒக்ரோபரில் சான்டிப் புயலின்போதும் 2021 செப்டெம்பரில் ஐடா மழையின்போதும் வெள்ளம் புகுந்த வீடுகள் இந்நகரத்தில் ஏராளம். வெள்ளம் புகுந்ததை விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 முதல் மாநிலச் சட்டம் கூறுகிறது. 1978 இற்கு முன் கட்டிய வீடாயின், ஈயப் பெயின்ற் பற்றி அறிந்ததையும் சொல்லியாக வேண்டும். நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் 1974 இலேயே இத்தகைய வழக்கொன்றைக் கண்டது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தபோது வீட்டைப் பார்த்து ஒப்பந்தம் செய்தவர்கள், பின்னர் ஓரிரவு உள்ளே சென்று விளக்கைப் போட்டபோது கரப்பான் பூச்சிகள் நாற்புறமும் சிதறி ஓடின! விற்றவர் அறிந்தே மறைத்திருந்தால் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது.

ஆகவே வெள்ளையடிக்க முன் கூரையைப் பாருங்கள். பழைய எண்ணெய்த் தாங்கி நிலத்தினுள் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். வாங்குபவர் நிச்சயம் தேடுவார். புகை அறிவிப்புக் கருவிக்கான சான்றிதழை முன்கூட்டியே பெறுங்கள். முகவர் தயாரித்த ஒப்பந்தமாயின், கையெழுத்திட்ட பின்னரும் சட்டத்தரணியிடம் காட்ட மூன்று வேலைநாட்கள் உண்டு, அவற்றை வீணாக்காதீர்கள்.

சுவாமிப் படங்களைக் கடைசியாகக் கழற்றுங்கள். ஏன் கழற்றுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கழற்றுங்கள். அந்தப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். புதிய வீட்டில் பால் காய்ச்சும் அன்று முதலில் திறக்க வேண்டியது அது.