மூச்சின் கதவை அடைக்கும் நஞ்சு

பாம்புக்கடி தமிழ்நாட்டில் இன்று அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2024 நவம்பரில் மாநில அரசு செய்த ஏற்பாடு இது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், பாம்பு கடித்து வருகிறவரைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கணக்கு எழுதினால் உயிர் பிழைக்குமா? பிழைக்கும். எப்படி என்பதை அறிய, நஞ்சின் வேலையை அறிய வேண்டும்.

கூட்டேரிப்பட்டு, மயிலம் பக்கத்து உழவர்களுக்கு நல்ல பாம்பும் கட்டுவிரியனும் புதியவை அல்ல. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டும். வலி அதிகம் இராது. விடியுமுன் இமை தொங்கும், நாக்குக் குழறும், மூச்சு முட்டும்.

நம் தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் மெல்லிய சவ்வு உண்டு. அதில் புரதத்தால் ஆன நுண்ணிய கதவுகள் உள்ளன. நரம்பு ஒரு ரசாயனத்தைத் தூதனுப்பியதும் கதவு திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை சுருங்கும். மூச்சு விடுவதும் இப்படித்தான். இந்த இரு பாம்புகளின் நஞ்சும் அக்கதவில் குந்திக்கொண்டு தூதனை அண்டவிடாது. கட்டுவிரியன் நஞ்சு போதாக்குறைக்கு நரம்பு முனையையே சிதைத்துவிடும்.

தனி ஒரு கதவின் வழியே பாயும் மின்சாரத்தை அளந்து காட்டியவர்கள் ஜெர்மானிய விஞ்ஞானிகள் நேஹரும் சாக்மனும். 1991-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதவுப் புரதத்தைப் பிரித்தெடுக்க உதவியதோ தைவான் நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சு!

நஞ்சுமுறி மருந்து ரத்தத்தில் திரியும் நஞ்சைப் பிடிக்கும். நரம்பு முனை சிதைந்த பிறகு அதனால் பெரும் பயன் இல்லை. செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, மருந்தைவிட நேரமே பெரிது.

அந்த மருந்துக்கு நஞ்சு தருவோரும் நம்மவரே. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தோன்றியது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

நஞ்சு எடுக்கக் கை உண்டு, மருந்தும் உண்டு. நெடுஞ்சாலையோரம் இருப்பவர் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு ஓடலாம். உள்கிராமத்தில் நள்ளிரவில் கடிபட்டவர் என்ன செய்வார்? எந்த ஊரில், எந்த மாதத்தில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் சுவாசக் கருவியும் தயாராக இருக்கும். மந்திரிப்பவரிடம் போகும் ஒரு மணி நேரம், மூச்சின் கதவு அடைபடும் நேரம். இதைக் குடியானவர் உணரட்டும். கணக்கைக் கோப்பில் உறங்கவிடாமல் அரசு பார்த்துக்கொள்ளட்டும்.