முகத்தைப் படிக்க இயலாதவர் முன் நம் முகம்



சென்ற மாதம் செவிலிமேட்டில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஏன் மாமா என்மேல் கோபம்?" என்று கேட்டான். எனக்குக் கோபமேதுமில்லை, வெயிலுக்குக் கண்களைச் சுருக்கியிருந்தேன், அவ்வளவே. மனச்சிதைவு நோய்க்குச் சில ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருபவன் அவன். "வீண் சந்தேகம்" என்று அருகிலிருந்தவர் முணுமுணுத்தார்.

வீண் சந்தேகம் என்று தள்ளிவிடக் கூடியதன்று அது. மனச்சிதைவு உடையோர் பலருக்குப் பிறர் முகத்திலுள்ள உணர்ச்சியை அடையாளம் காண்பது கடினமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மகிழ்ச்சியை ஓரளவு எளிதில் அறிந்துகொள்வோரும் அச்சத்தை அறிவதில் தடுமாறுகின்றனர். எவ்வுணர்ச்சியும் இல்லாத முகத்திலும் சினத்தைக் காண்பதுண்டு. மேலைநாட்டு முகப்படங்கள் நம் மக்களுக்கு முழுமையாகப் பொருந்தா என்பதால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இந்திய நடிகர்களின் முகபாவங்களைக் கொண்டு 'டிரெண்ட்ஸ்' என்னும் சோதனைக் கருவியை உருவாக்கி 2008-இல் வெளியிட்டனர். காதில் ஒலிக்கும் குரல்களை அடக்கும் அளவுக்கு மருந்து இக்குறையைச் சீராக்குவதில்லை. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டு ஓதிப் பார்ப்பது மட்டும் போதும் என எண்ணுவது பெருந்தவறு.

'அபஸ' அத்தியாயம் இறங்கிய சூழலை நாம் அறிவோம். குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) இடையே வந்தார்; நபியவர்களின் முகம் சுளித்தது. அச்சுளிப்பை அவரால் காணவே இயலாது. ஆயினும் அல்லாஹ் அதனைச் சுட்டிக்காட்டினான். எதிரிலிருப்பவர் நம் முகத்தை எவ்வளவு அறியக்கூடும் என்பதைப் பொறுத்து நம் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை என்றே நான் இதனை விளங்கிக்கொள்கிறேன்.

நம் வீடுகளிலோ நேர்மாறாக நடக்கிறது. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "பார்த்தாலே தெரியாதா?" என்கிறோம். தெரியாது. "தலை வலிக்கிறது, உன்மேல் கோபமில்லை" என்று வாயால் சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் ஓயாத குறைகூறல், தணிந்த நோயை மீண்டும் கிளப்பக்கூடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, நோயாளிகளோடு அவர்தம் குடும்பத்தாருக்கும் வழிகாட்டி வருகிறது.

அன்று அவனிடம், "கோபமில்லை தம்பி, வெயில் கூசுகிறது" என்றேன். சற்றுநேரம் என் முகத்தையே பார்த்திருந்தான்.

"சொன்னால்தானே மாமா தெரியும்" என்றான்.