வீட்டுத் திரை: ஷூ தைக்கிற ஊரில் உட்கார்ந்து பார்க்க நாலு படம்

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ரெண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பிரியாணி. இன்னொன்று, வாரம் முழுக்க ஷூ கம்பெனி வேனில் போய்வந்த கால்களை நீட்டி உட்கார்ந்து ஒரு படம். பெரிய டி.வி. இருந்தால் டி.வி., இல்லாவிட்டால் சொம்பில் சாய்த்துவைத்த செல்போன்.

எதில் பார்த்தாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஹீரோ என்ட்ரியில் ஊரெல்லாம் முகத்தைப் பார்க்கும்போது, இவர்கள் கண் கீழே போய்விடும். அது என்ன தோல்? தையல் ஒற்றையா, இரட்டையா? சோல் ஒட்டினதா, தைத்ததா? தொழில் புத்தி அப்படி.

அந்தக் கண்ணுக்காகவே இந்த வாரம் நாலு படங்கள். எல்லாமே பழசுதான். ஆனால் நாலிலும் கதை காலுக்குக் கீழே இருக்கிறது.

1. சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997)

ஈரான் படம், இயக்கம் மஜித் மஜீதி. சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்த முதல் ஈரானியப் படம் இதுதான். கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அண்ணன் அலி, தங்கச்சி ஜாராவின் ஷூவைத் தைக்கக் கொடுத்து வாங்கிவரும் வழியில் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் சொல்ல பயம். புதுசு வாங்க வீட்டில் காசில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் அண்ணனின் ஒரே ஜோடி கேன்வாஸ் ஷூவை ரெண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். காலையில் தங்கச்சிக்குப் பள்ளி, மதியம் அண்ணனுக்கு. தெருமுனையில் ஷூ கைமாறும் அந்த ஓட்டம்தான் பாதிப் படம்.

வில்லன் இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் ஜாராவின் காலிலிருந்து ஷூ நழுவி ஓடைத் தண்ணீரில் போகும்போது பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். தன் பழைய ஷூவை இன்னொரு பெண் போட்டிருப்பதைப் பார்த்து, பின்தொடர்ந்து வீடு வரை போகிறாள் ஜாரா. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனும் தங்கச்சியும் திரும்பிவருகிறார்கள். அந்த இடம் மனசைப் பிசையும்.

ஆம்பூர்க் கண்ணோடு பார்க்க வேண்டியது இதற்கெல்லாம் முன்னால் வருகிறது. படம் ஆரம்பித்ததும் பெயர்கள் ஓடும்போது திரையில் தெரிவது ஒரு ஜோடி கை. செருப்புத் தைக்கிறவரின் கை. கிழிந்துபோன குட்டி ரோஸ் நிற ஷூவில் ஊசி இறங்கி ஏறுகிறது, நூல் இழுபடுகிறது. அவசரமே இல்லாமல் அந்த வேலை முழுசாகக் காட்டப்படுகிறது. வீட்டில் பார்க்கும்போது 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன் வந்தால் விரல் தானாக அதை அழுத்திவிடும். இந்த ஒரு படத்துக்கு வேண்டாம்.

இதே கதையை இந்தியில் பிரியதர்ஷன் 'பம் பம் போலே' என்று 2010-ல் எடுத்தார். தமிழில் இயக்குநர் சாமி 'அக்கா குருவி' என்று எடுத்து, இளையராஜா இசையோடு 2022-ல் வந்தது. அதையும் பார்க்கலாம். ஆனால் முதலில் ஒரிஜினல்.

யாரோடு பார்க்கலாம்? வீட்டில் எல்லோரோடும். பள்ளிக்கூடத்தில் கிடைத்த விலையில்லா காலணியை ஒரே மாதத்தில் எங்கேயோ விட்டுவிட்டு வந்த பிள்ளை இருந்தால், அவசியம்.

2. கிங்கி பூட்ஸ் (2005)

இங்கிலாந்தில் நார்தாம்டன் என்று ஒரு ஊர். அங்கே ஷூத் தொழில் எவ்வளவு பழசு என்றால், ஊர் கால்பந்து அணியின் செல்லப்பெயரே 'செருப்புத் தைக்கிறவர்கள்'. கதை நடப்பது அங்கேதான். அப்பா இறந்ததும் ஷூ கம்பெனி மகன் சார்லி தலையில் விழுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆர்டர் இல்லை. கெட்டியான, பத்து வருஷம் உழைக்கிற ஆண்கள் ஷூவை வாங்க ஆள் இல்லை. மலிவாக வெளியிலிருந்து வந்து இறங்குகிறது சரக்கு. சார்லி ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலையிலிருந்து நிறுத்துகிறான். "நான் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் அவன் வாயில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு.

'ஆர்டர் இல்லை' என்ற ரெண்டு வார்த்தைக்கு ஆம்பூரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2020-ல் கொரோனா முடக்கத்தில் கேட்டதுதான். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகிதம் வரி போட்டபோது மறுபடி கேட்டதுதான். அதனால் மற்ற ஊர்களில் காமெடியாகத் தெரியும் முதல் அரை மணி நேரம், இங்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

பிறகு கதை திரும்புகிறது. பெண் வேடமிட்டு மேடையில் பாடும் லோலா என்ற கலைஞரைச் சந்திக்கிறான் சார்லி. அவர் மாதிரி ஆட்கள் போடுவது பெண்களுக்காகச் செய்த பூட்ஸ். ஆண் உடம்பின் எடையில் ஹீல் உடைந்துவிடுகிறது. அந்த எடையைத் தாங்கும் ஹீல் செய்தால்? அங்கேதான் தொழிற்சாலை பிழைக்க வழி பிறக்கிறது. லோலாவாக சிவெட்டல் எஜியோஃபோர் பிரமாதம். சார்லியாக ஜோயல் எட்ஜர்டன். ஒரு உண்மைச் சம்பவத்தின் தூண்டுதலில் எழுதிய கதை இது.

வெட்டுவது, தைப்பது, அச்சில் மாட்டி இழுப்பது என்று வேலை நடக்கும் தளத்தைப் படம் கூச்சமில்லாமல் காட்டுகிறது. கட்டிங்கில், லாஸ்டிங்கில் வேலை பார்த்தவர்கள் 'இதை இப்படியா செய்வாங்க?' என்று சண்டை போட்டுக்கொண்டே பார்க்கலாம். குறை என்றால் ஒன்று: கடைசி அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

யாரோடு பார்க்கலாம்? பெரியவர்கள். ஆணென்றால் இப்படி, பெண்ணென்றால் இப்படி என்று கோடு போடும் உறவுக்காரர் வீட்டில் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைக்கலாம்.

3. ஏர் (2023)

அமேசான் பிரைமில் இருக்கிறது. பென் அஃப்லெக் இயக்கி நடித்த படம். 1984-ல் கூடைப்பந்து ஷூ விற்பனையில் பின்தங்கியிருந்த நைக்கி, மைக்கேல் ஜோர்டான் என்ற புது வீரரை எப்படிப் பிடித்தது என்பதுதான் கதை. ஜோர்டானின் முகத்தைக் காட்டாமலே படத்தை ஓட்டியிருக்கிறார்கள். அவருடைய அம்மா டெலோரிஸாக வரும் வயோலா டேவிஸ்தான் உண்மையான ஹீரோ. மேட் டேமன் பேசிப் பேசியே படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்.

பெரும்பாலும் அலுவலக அறை, போன், மேஜை. ஆனாலும் போர் அடிக்கவில்லை. அம்மா போனில் கேட்கும் அந்த ஒரு கேள்விக்காகவே பார்க்கலாம். 'என் மகன் பேரில் விற்கிற ஒவ்வொரு ஷூவிலும் அவனுக்குப் பங்கு வேண்டும்' என்கிறார். அதுவரை அந்தத் தொழிலில் வழக்கத்தில் இல்லாத விஷயம். கேட்கிறார், வாங்கிவிடுகிறார். கைதட்டத் தோன்றும்.

யாராவது ஒருவர் கால் வைக்கும்வரை ஷூ வெறும் ஷூதான் என்ற கருத்தைப் படம் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆம்பூரில் உட்கார்ந்து கேட்டால் உடனே ஒரு பதில் தோன்றும். கால் வைப்பதற்கு முன்னால் அதில் கை வைத்தவர் ஒருவர் இருக்கிறாரே?

இந்தப் பகுதியில் அந்தக் கை தொழிற்சாலைக்குள் மட்டும் இல்லை. ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்பார்கள். சில மாடல்களுக்கு அதை ஊசி நூலால் கையிலேயே தைக்க வேண்டும். இடையில் இருப்பவர் பையில் கொண்டுவந்து கொடுக்க, பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைத்துத் தருகிறார்கள். கூலி ஜோடிக் கணக்கு. அந்த ஷூ கப்பல் ஏறி, கடல் தாண்டிக் கண்ணாடி அலமாரியில் உட்காரும்போது தைத்தவர் பேர் எங்கேயும் இருக்காது. தைத்தது வீட்டில் என்பதால் தொழிலாளி என்ற கணக்கிலும் பல நேரம் வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

டெலோரிஸ் கேட்ட கேள்வியை இந்த வாசலிலிருந்தும் யாராவது கேட்டால் எப்படி இருக்கும்? படம் முடிந்த பிறகும் மனசில் நிற்பது அதுதான்.

யாரோடு பார்க்கலாம்? ஸ்னீக்கர் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் காலேஜ் பிள்ளையோடு. அம்மாவும் கூட இருப்பது நல்லது.

4. அங்காடித் தெரு (2010)

ஷூ படங்களுக்கு நடுவில் துணிக்கடைப் படம் எதற்கு? கால்களுக்காக. வசந்தபாலன் இயக்கம், ஜெயமோகன் வசனம். சென்னை ரங்கநாதன் தெருவில், பெரிய கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைகளின் கதை. மகேஷும் அஞ்சலியும் நடித்ததாகவே தெரியாது. மேற்பார்வையாளர் கருங்காலியாக இயக்குநர் ஏ.வெங்கடேஷ் திரையில் வந்தாலே கோபம் வரும்.

முதலில் வந்தபோது தியேட்டரில் பார்த்தவர்கள் கண்ணீரோடு வெளியே வந்த படம். இப்போது வீட்டில் மறுபடி பார்த்தால் வேறு ஒன்று உறைக்கிறது. உட்காரக்கூட உரிமை இல்லாத வேலை அது. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே பிரிவு இருந்தது. கடை ஊழியர்களுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. 'அங்காடித் தெரு' வந்து 11 வருஷம் கழித்து.

படம் பார்த்துத்தான் சட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்கும் காலை ஒரு தடவை திரையில் பார்த்துவிட்டால், அப்புறம் கடைக்குப் போகும்போது அது கண்ணில் படாமல் இருக்காது. சினிமாவால் ஆகிற காரியம் அதுதான். சின்னக் காரியமும் இல்லை. குறை? சோகத்தை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். க்ளைமாக்ஸுக்கு மனசைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

யாரோடு பார்க்கலாம்? தீபாவளித் துணி எடுக்கப் போவதற்கு முந்தின ராத்திரி, குடும்பத்தோடு.

5. இன்னும் வராத படம்

தேயிலைத் தோட்டத்துக்கு 'பரதேசி' இருக்கிறது. செங்கல் சூளைக்கு 'வாகை சூட வா' இருக்கிறது. வாழைக்காய்ச் சுமைக்கு 'வாழை' வந்துவிட்டது. வட ஆற்காட்டுக்காரர்கள் தங்கம் தேடிப் போன கதையை 'தங்கலான்' சொன்னது. தோலுக்கு?

கதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. அதிகாலை இருட்டில் வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள். ஒரே தெருவில் தமிழும் உருதும் கலந்து போகும் பேச்சு. தோல் கழுவிய தண்ணீரால் கெட்டுப்போன பாலாறு. அதற்காக ஊர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்' என்பதை நாட்டுக்கே சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. சோறு போட்ட தொழிலும் தண்ணீரைக் கெடுத்த தொழிலும் ஒன்றேதான் என்பதைவிட ஒரு கதைக்கு வேறு என்ன சிக்கல் வேண்டும்?

யாராவது எடுக்கட்டும். மஜீதி மாதிரி முதல் காட்சியில் பாட்டு, பில்டப் எதுவும் இல்லாமல், தைக்கும் கையை மட்டும் ரெண்டு நிமிஷம் காட்டட்டும். ஆம்பூரில் அதை யாரும் ஸ்கிப் பண்ண மாட்டார்கள்.