ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா?

வானொலியில் வேலை செய்பவர்களுக்குப் பேய் பயம் கிடையாது. ஒரே பயம், மௌனம். ஒரு பாட்டு முடிந்து பத்து விநாடி ஒன்றும் கேட்கவில்லை என்றால் நெஞ்சு படபடக்கும்.

சில ஆண்டுகளுக்குமுன், நான் அப்போதிருந்த நிலையத்தில், ஒரு மார்ச் மாதக் காலை. பாடல்களை ஒலிபரப்பும் கணினி திடீரென்று உறைந்துவிட்டது. ஆனாலும் பதறவில்லை. தானாகப் பொறுப்பேற்க இரண்டாவது கணினி ஒன்று இருந்தது. அது சொன்னபடி விழித்துக்கொண்டது, பாட்டும் வந்தது. அப்பாடா என்று தேநீரை எடுத்தேன். பாட்டு முடிந்ததும் விளம்பரம்: “தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள்!”

நேயர்கள் சிரித்தார்கள். விளம்பரதாரர் சிரிக்கவில்லை.

அந்த மாற்றுக் கணினியை நாங்கள் மாதந்தோறும் சோதித்தோம். ஆனால், “எழுந்திருக்கிறதா?” என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடும். பாடல்களும் விளம்பரங்களும் இருக்கும் சேமிப்பகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. முதல் சேமிப்பகத்திலிருந்து இரண்டாவதற்கு நகலெடுக்கும் வேலை தீபாவளியோடு நின்றுபோயிருந்தது.

எங்களுக்குக் கேலியோடு போயிற்று. வங்கிகளுக்கு அப்படிப் போகாது. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல் நினைவிருக்கிறதா? டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலருக்குச் செயலி திறக்கவில்லை, ஏடிஎம்மில் பணம் வரவில்லை. ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பை மேம்படுத்தும்போது நேர்ந்த தவற்றால் வெப்பம் கூடியதுதான் தொடக்கம். இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. அவற்றை இயக்கவும் செய்தார்கள். ஆனால் டிபிஎஸ்ஸில் கட்டமைப்பு இணைய அமைவு தவறாக இருந்தது, சிட்டிபேங்கில் இணைப்புச் சிக்கல். ஏறக்குறைய 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. முக்கியக் கட்டமைப்புகள் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்குமேல் முடங்கக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. ஏற்கெனவே பலமுறை தடுமாறியிருந்த டிபிஎஸ், அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களை 6 மாதங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது.

மாற்று ஏற்பாடு இல்லாததால் வந்த வினை இல்லை இது. இருந்தது, தேவைப்பட்ட நேரத்தில் முழுமையாகக் கைகொடுக்கவில்லை.

பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் சுமப்பதைக் ‘கிளஸ்டர்’ என்பார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். மளிகைக் கடையில் அண்ணன் இல்லாதபோது தம்பி கல்லாவில் உட்காருவதைப்போல. ஆனால் கணக்குப் புத்தகமும் சாவியும் தம்பி கையில் இல்லாவிட்டால் கடை நடக்குமா? அந்தப் புத்தகம்தான் சேமிப்பகம்.

ஆகவே சோதனையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நகல் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது? மாற்று இடத்திலுள்ள கணினிகளால் அந்த நகலைப் படிக்க மட்டுமல்ல, அதில் எழுதவும் முடிகிறதா? எல்லாம் சரியாக ஓடத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது? இவற்றை வாடிக்கையாளருக்குத் தொந்தரவு இல்லாமலே பார்க்கலாம். நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, வெளித்தொடர்பு இல்லாத தனி வலையமைப்பில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அது ஒத்திகைதான். திட்டமிட்ட ஒரு நாளில் உண்மையாகவே மாற்று இடத்துக்குப் போய், அங்கே வேலை செய்து, பழைய இடத்துக்குத் திரும்பியும் வர வேண்டும். திரும்பி வரும் வழியில் தடுக்கி விழுபவர்களும் உண்டு.

இதைப் பலர் தள்ளிப்போடுவது சோம்பலால் இல்லை, பயத்தால். நன்றாக ஓடுவதை நாமே நிறுத்தி, அது திரும்ப எழாவிட்டால்? தீபாவளி விளம்பரக் கூத்துக்குப் பிறகு, எங்கள் தொழில்நுட்ப அண்ணன் ஓர் இரவு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினார். மாற்றுக் கணினி எழுந்தது, ஆனால் சேமிப்பகம் திறக்கவில்லை. எனக்கு வியர்த்தது. அவரோ சிரித்தார். “இப்பவே விழட்டும்மா. விழும்போது நாம பக்கத்துலதானே இருக்கோம்?”

அன்றிரவு மூன்று மணிவரை உட்கார்ந்து சரிசெய்தார். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பியைப் பிடுங்குவது வழக்கமாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு சேமிப்பகம் இருக்கிறது. பிள்ளையின் முதல் பிறந்தநாள், மறைந்த தாத்தாவின் குரல் எல்லாம் கைப்பேசியில்தானே? “பேக்கப் ஆகுது” என்று சொல்கிறீர்கள். இன்றிரவு வேறொரு கருவியில் அந்தக் கணக்கைத் திறந்து, ஒரே ஒரு படத்தை வரவழைத்துப் பாருங்கள். மறவுச்சொல் நினைவுக்கு வராவிட்டால் கவலைப்படாதீர்கள். கைப்பேசி இன்னும் கையில்தான் இருக்கிறது.