ஸ்ரீ ஜி. டி. நாயுடுவுக்கு மரியாதை

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டி, 2025 அக்டோபர் 9-ந் தேதி முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார். இம்மரியாதையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அப்பொழுது கிளம்பிய வாதம் விசித்திரமானது. தெருப் பெயர்களினின்று ஜாதியை நீக்கச் சொல்லும் சர்க்கார், 'நாயுடு' என்னும் சொல்லை எவ்வாறு வைக்கலாம் என்பதே பெரும் பேச்சாயிற்று. அம்மனிதர் செய்ததென்ன என்பதைப் பற்றிய பேச்சு சொற்பமே.

தொட்டியத்து வாழைத் தோட்டங்களில் ஏற்றமும் கவலையும் போய் மோட்டார் வந்த கதையை நம் பெரியவர்கள் அறிவார்கள். இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை 1937-ல் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து செய்தவர் இவர். கோயமுத்தூர் மோட்டாருக்கு இன்று தேசமெங்கும் உள்ள கியாதிக்கு அதுவே ஆரம்பம்.

1945-ல் தொழிற்கல்விக்கென்று அவர் பொருள் கொடுத்து முன்னின்று தொடங்கிய கல்லூரிக்குச் சூட்டப்பட்ட பெயர் யாருடையது? கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப்புடையது! நான்கு வருஷப் படிப்பு வீண் காலப்போக்கு, இரண்டு வருஷம் போதும் என்றார் நாயுடு. ஆங்கில சர்க்கார் இணங்கவில்லை. பிரின்ஸிபால் பதவியைத் துறந்தார்.

அந்நிய ஆட்சியிடம் வேறெதை எதிர்பார்ப்பது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் காரை அவர் செய்துகாட்டியபோது, லைசென்ஸ் கொடுக்க மறுத்தது நமது சுதேச சர்க்காரே. மறுப்புக்கு ஆயிரம் நியாயங்கள் எழுதலாம். எழுதத் தெரிந்தவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கார் நின்றுபோயிற்று என்பதே கண்ட பலன். 1974-ல் அவர் காலமானார். ஐம்பத்தோரு வருஷங்கள் கழித்துப் பாலம் வந்திருக்கிறது, அதன்மேல் எல்லா தேசத்துக் கார்களும் ஓடுவதற்கு.

நாம் கேட்பது மற்றொரு சிலையன்று. நாளை தொட்டியத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வாழைநார் உரிக்கப் புதியதொரு யந்திரம் செய்துகொண்டு திருச்சிக்குப் போனால், அதை ஓட்டிப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் சம்மதத்தையோ மறுப்பையோ காரணத்துடன் எழுதித் தர ஓர் அதிகாரியை ஜில்லாதோறும் நியமிக்கவேண்டும். அந்த ஆபீஸ்களுக்கு ஸ்ரீ நாயுடுவின் பெயரையே வைப்பதில் நமக்கு யாதோர் ஆட்சேபமுமில்லை.